தவறு யாருடையது? – தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் வரலாறு

சுரங்கத்திலோ ஆலையிலோ தோட்டத்திலோ உழைக்கும் ஒருவன் வேலையின்போது காயமுற்றால், அந்த இழப்பைத் தாங்கவேண்டியவர் யார்? தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டங்கள் இவ்வினாவிற்கு விடை காணும்போது, தவறு யாருடையது என்று முதலிற் கேட்பதில்லை. விபத்து வேலையின் காரணமாக நேர்ந்ததா என்றே கேட்கின்றன. எளிதாகத் தோன்றும் இந்த மாற்றம் இங்கிலாந்திலே நிகழ்ந்தேற அறுபது ஆண்டுகள் சென்றன. அவ்வறுபது ஆண்டுகளிலும் கையும் காலும் இழந்தோர் பலர் வெறுங்கையுடன் வீடு திரும்பினர் என்பதை எண்ணும்போதே, இவ்வரலாற்றின் பெறுமதி விளங்கும்.

1835ஆம் ஆண்டு மே மாதத்தில், லிங்கன்சயர்ப் பகுதியைச் சேர்ந்த பவுலர் என்னும் இறைச்சி வணிகரிடம் வேலை பார்த்த பிறீஸ்ற்லி என்ற இளைஞன், எசமானின் பண்டங்களை ஏற்றிய வண்டியிற் சென்றான். அளவுக்கு மிஞ்சிய சுமையால் வண்டி உடைந்தது. அவனுடைய தொடையெலும்பு முறிந்தது. வழக்கைக் கேட்ட யூரிமார் 100 பவுண் நட்டஈடு கொடுக்குமாறு தீர்த்தனர். ஆனால் 1837இல் எக்ஸ்செக்கர் நீதிமன்றத்திலே அபிஞ்சர் பிரபு அதனை நிலைக்க விடவில்லை. இத்தகைய பொறுப்பை எசமான் மீது சுமத்தினால், பணிப்பெண் ஈரப் படுக்கையை விரித்ததற்கும், சமையற்காரர் செப்புப் பாத்திரங்களைச் சரியாகத் துலக்காததற்கும் அவரே பதில் சொல்ல நேரிடும் என்று அவர் அஞ்சினார். அன்றியும், ஆபத்தை எசமானைப் போலவே வேலையாளும் அறிவான். விருப்பமில்லையேல் அவன் மறுத்துவிடலாம் என்பதும் அவர் கருத்து.

இத்தீர்ப்பு விதைத்த கொள்கை விரைவிலே பெருமரமாயிற்று. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலே புகையிரதச் சாரதி ஒருவர், தண்டவாளத்தை மாற்றிவிடும் தொழிலாளியின் கவனக்குறைவினால் கையை இழந்தார். 1842இல் அவ்வழக்கைத் தீர்த்த பிரதம நீதியரசர் லெமுவல் ஷா, ஆபத்தான தொழிலுக்குக் கொடுக்கப்படும் கூடிய கூலியிலேயே ஆபத்துக்குரிய விலையும் அடங்கியிருக்கின்றது என்றார். சக தொழிலாளி இழைத்த பிழைக்கு முதலாளி பொறுப்பல்லர் என்னும் இந்த விதி “பொதுத் தொழிற் கோட்பாடு” எனப் பெயர் பெற்றது.

இதனோடு வேறிரண்டு வாதங்களும் முதலாளிகளுக்குக் கேடயமாயின. ஆபத்தைத் தெரிந்து வேலை செய்தவன் அதனை விரும்பி ஏற்றவனே என்பது ஒன்று. காயமுற்றவனிடமும் சிறிது கவனக்குறைவு இருப்பின் அவன் ஒன்றும் பெறான் என்பது மற்றொன்று. இம்மூன்றையும் கடந்து நீதிமன்றத்திலே வெல்வது அரிதாயிற்று. வேலையை மறுக்கலாம் என்று சொல்வது நீதியரசருக்கு எளிது. அடுத்த வேளைக்கு அரிசியோ ரொட்டியோ இல்லாத குடும்பத்தின் தலைவனுக்கு அந்த உரிமை பெயரளவிலேயே இருந்தது.

தொழிற்சங்கங்களின் நெடுநாட் கிளர்ச்சியின் பயனாக 1880இல் முதலாளிமார் பொறுப்புச் சட்டம் நிறைவேறியது. மேற்பார்வையாளரின் பிழை போன்ற சில சந்தர்ப்பங்களிலே வழக்கிட அது வழி திறந்தது. ஆயினும் இரண்டு ஆண்டுகளுக்குள் அவ்வழி குறுகிற்று. டட்லி பிரபுவின் நிலக்கரிச் சுரங்கத்தில் இறந்த தொழிலாளி ஒருவரின் விதவை வழக்கிட்டபோது, அச்சட்டத்தின் உரிமைகளைக் கைவிடுவதாகக் கணவர் முன்னரே உடன்பட்டிருந்தார் என்ற காரணத்தால் 1882இல் அவ்வழக்குத் தள்ளப்பட்டது. 1891இலேதான் பிரபுக்கள் சபை ஒரு கேடயத்தைத் தளர்த்தியது. பாரந்தூக்கி தலைக்கு மேலாகக் கற்களைக் கொண்டு செல்வதை அறிந்தும் வேலை செய்தவன், அறிந்த ஒரே காரணத்தால் ஆபத்துக்கு உடன்பட்டவன் ஆகான் என்று அச்சபை தீர்த்தது.

இதற்கிடையே ஜேர்மனி வேறொரு பாதையிற் சென்றது. பிஸ்மார்க் ஆட்சிக்காலத்தில் 1884இல் இயற்றப்பட்ட விபத்துக் காப்புறுதிச் சட்டம், தொழில் வாரியாக முதலாளிகளைக் கூட்டமைப்புகளிற் சேர்த்து, அவர்கள் செலுத்திய பணத்திலிருந்து காயமுற்றோருக்கு உதவியது. உழைப்பாற்றலை முற்றாக இழந்தவன் கூலியின் மூன்றில் இரண்டு பங்கைப் பெற்றான். அங்கே தவறு யாருடையது என்ற வாதத்துக்கு இடமில்லை. விபத்தின் செலவு உற்பத்திச் செலவின் ஒரு பகுதியாயிற்று.

இங்கிலாந்திலே அக்கருத்தை நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர் யோசேப் சேம்பர்லேன். 1897ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம், புகையிரதம், ஆலை, சுரங்கம் முதலிய ஆபத்தான தொழில்களில், வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும் நேர்ந்த விபத்துக்கு முதலாளியே பொறுப்பு என்றது. ஆனால் அது ஓர் உடன்படிக்கை போன்றது. காயமுற்றவனுக்கு முழுக் கூலி கிடைக்கவில்லை. பாதிக் கூலியே, அதுவும் வாரம் ஒரு பவுணுக்கு மேற்படாமற் கிடைத்தது. இறந்தவனின் குடும்பத்துக்கு மூன்று ஆண்டுக் கூலி அல்லது 150 பவுண், இவற்றுள் கூடியது எதுவோ அது, 300 பவுணுக்கு மேற்படாமல் உரியதாயிற்று. தவறை நிரூபிக்கும் சுமை நீங்கியதற்கு விலையாக, இழப்பின் மறுபாதியைத் தொழிலாளியே சுமந்தான்.

1906இல் இச்சட்டம் வீட்டுப் பணியாளர், மாலுமிகள் உட்படப் பெரும்பாலான தொழிலாளருக்கு விரிந்தது. ஈய நஞ்சு, பாதரச நஞ்சு முதலிய ஆறு தொழில் நோய்களும் முதன்முறையாக அதிலே சேர்ந்தன. இலங்கைத் தோட்டங்களில் நன்கறியப்பட்ட கொளுக்கிப்புழு நோயும் அவ்வாறனுள் ஒன்று. பழைய பொதுத் தொழிற் கோட்பாடோ 1948இலேதான் இங்கிலாந்தின் சட்டத்திலிருந்து முற்றாக அகன்றது.

1897இல் வகுத்த நெறி கடல் கடந்தும் பரவியது. இந்தியாவில் 1923இலும், இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினாலும் அது வேரூன்றியது. எந்த உறுப்பை இழந்தால் உழைப்பாற்றலில் நூற்றுக்கு எத்தனை பங்கு குறைந்தது என்று கணிக்க இலங்கைச் சட்டத்திலே ஓர் அட்டவணை உண்டு. தொழிலாளி இறந்தால், நட்டஈட்டுப் பணத்தை முதலாளி ஆணையாளரிடமே வைப்புச் செய்யவேண்டும். அவர் அதனை இறந்தவரில் தங்கிவாழ்ந்தோருக்குப் பகிர்ந்தளிப்பார். துயரத்தில் இருக்கும் விதவையிடம் சிறுதொகையைக் கொடுத்துக் கையொப்பம் பெறும் வழக்கத்துக்கு இவ்வேற்பாடு தடையாய் நிற்கின்றது. 2022இல் செய்த திருத்தம் நட்டஈட்டின் உச்ச வரம்பை 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தி, வேலைக்குச் செல்லும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்துகளையும் சட்டத்தின் நிழலுக்குள் கொண்டுவந்தது.

உச்ச வரம்பைக் குறிக்கும் எண் ஏட்டிலே மாறாதிருக்க, பணத்தின் பெறுமதி ஆண்டுதோறும் குறைகின்றது. ஆகையால் இச்சட்டம் ஒருமுறை இயற்றி மறந்துவிடக்கூடியதன்று; காலந்தோறும் திருத்தப்படாவிடின், முதலில் ஒப்புக்கொண்ட பாதியும் பாதியாய் இராது. எலும்பு முறிந்த இளைஞனை வெறுங்கையுடன் அனுப்பிய 1837ஆம் ஆண்டின் தீர்ப்பு, ஆபத்துக்கு உரிய விலை கூலியிலேயே அடங்கிவிட்டது என்ற எண்ணத்துக்கு வழி திறந்தது. அவ்வெண்ணம் பிழையென்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டுவிட்டது. அந்த விலையை நேர்மையாகக் கணிக்கும் கடமை, ஒவ்வொரு தலைமுறைக்கும் புதிதாகவே வந்து சேர்கின்றது.