வகுப்பறையும் மதுக்கடையும்



ஆண்டுதோறும் ஜூன் 26 அன்று நம் பிள்ளைகள் பள்ளியில் வரிசையாக நின்று போதைப்பொருள் எதிர்ப்பு உறுதிமொழி எடுக்கிறார்கள். அதே பள்ளியில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தப்படும் பிள்ளையின் மனம் என்னவாகும் என்பதற்கு உறுதிமொழி எதுவும் இல்லை. ‘குடிக்காதே’ என்பதும் ‘குனியாதே’ என்பதும் தனித்தனிப் பேச்சுகளாகிப்போன வரலாற்றையே இந்த நினைவுரையில் சொல்ல விரும்புகிறோம்.

நம் முன்னோர் இவ்விரண்டையும் பிரித்ததில்லை. 1894-இல் கர்னல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அவரோடு 1898-இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார் அயோத்திதாசப் பண்டிதர். அவர் ஏற்ற பஞ்சசீலத்தின் ஐந்தாவது சீலம், மயக்கம் தருவனவற்றை விலக்குவது. தனியே கோணி விரித்து உட்கார்ந்ததையும், பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர் என்றிருந்ததையும் தம் பள்ளி நினைவுகளாக எழுதியவர் பாபாசாகேப் அம்பேத்கர். 1956-இல் நாகபுரியில் அவர் தந்த 22 உறுதிமொழிகளில் மது விலக்கும் உண்டு. மனிதர் அனைவரும் சமம் என்பதும் உண்டு. தன்மானம் உள்ளவர் தம் உடலையும் மனத்தையும் காத்துக்கொள்வார் என்பதே அதன் பொருளென நாம் கொள்கிறோம்.

அரசு நடந்த பாதை வேறு. 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர் ராஜாஜி. 1953-இல் பள்ளியை அரை நாளாக்கி, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொன்னவரும் அவரே. கடுமையான எதிர்ப்புக்குப் பின் 1954-இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. கடையை மூடிய கை பிள்ளையின் புத்தகத்தையும் பாதி மூடியதை நாம் மறக்கலாகாது. பின்பு 1971-இல் மதுவிலக்கு தளர்ந்தது. 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. பட்டியல் சாதியினரின் கல்வியைக் காக்கச் சொல்கிறது அரசமைப்பின் 46-ஆம் கூறு. மதுவிலக்கை நோக்கிச் செல்லச் சொல்கிறது 47-ஆம் கூறு. சட்டப் புத்தகத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டும் ஆட்சியில் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதி காட்டும் கயிறுகளுக்குத் தடையும், பள்ளிகளுக்கு நல அலுவலரும் வேண்டும் என்றது. மாணவர் மனநலத்தைச் சாதியோடு சேர்த்துப் பேசத் திறந்த கதவாக இதைப் பார்க்கிறோம்.

அந்தக் கதவு வழியே வரும் ஆலோசகர் முதலில் கேட்க வேண்டியது, “நீ குடிக்கிறாயா?” என்பதல்ல, “இங்கே உன்னை எப்படி நடத்துகிறார்கள்?” என்பது. தகப்பன் குடிப்பதைச் சொல்லி வகுப்பில் பிள்ளையை நாணச் செய்யும் எந்தப் பிரச்சாரமும் தடுப்பு ஆகாது. தன்மானம் கற்பிக்கப்படும் வகுப்பறையே நாம் கேட்கும் முதல் மதுவிலக்கு.