மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடுவே: பேரிடர் காலத்தில் மருத்துவப் பணியாளர்களின் மனநலம்

மருத்துவர், செவிலியர், லேப் டெக்னீஷியன், ஆம்புலன்ஸ் ஓட்டுநர் என நம் குடும்பங்கள் பலவற்றில் யாரேனும் ஒருவர் மருத்துவத்துறையில் இருக்கிறார். தொற்றுநோய் வந்தால் ஊரார் அனைவரையும் வீட்டுக்குள் இருக்கச் சொல்கிறார்கள். இவர்களை மட்டும் வேலைக்கு வரச் சொல்கிறார்கள். கொரோனா காலத்தில் இவர்களைக் கைதட்டிப் பாராட்டினோம். பணி முடிந்து இவர்கள் திரும்பிய வீடு எப்படி இருந்தது என்று நம்மில் அதிகம் பேர் கேட்கவில்லை. இவர்களின் மனநலத்தில் பெரும்பங்கு அந்த வீட்டின் கையில்தான் இருக்கிறது.

மூவகை இழுபறி

வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையிலான இழுபறியை 1985-இல் கிரீன்ஹாஸ், பியூட்டெல் ஆகிய இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். முதலாவது, நேரம்: பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் இரவுப் பணிக்குப் போயாக வேண்டும். இரண்டாவது, மனச்சுமை: வார்டில் கண்ட மரணம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு வரை கூடவே வருகிறது. மூன்றாவது, நடத்தை: தீவிர சிகிச்சைப் பிரிவில் உணர்ச்சியை அடக்கி நின்றவரால், வாசலில் செருப்பைக் கழற்றியதும் பிள்ளையிடம் கலகலப்பாகப் பேச முடிவதில்லை.

தொற்றுநோய்க் காலத்தில் இவற்றோடு அச்சமும் சேர்கிறது. 'நோயை வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவேனோ' என்ற அச்சம் அது. 2020-இல் பலர் பிள்ளைகளைத் தொடாமல் தனி அறையிலும் விடுதியிலும் தங்கினார்கள். 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகெங்கும் 80,000 முதல் 1,80,000 மருத்துவப் பணியாளர்கள் கொரோனாவால் இறந்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அந்த அச்சம் வீண் கற்பனையாக இருக்கவில்லை.

சமூகமும் இவர்களை நோகடித்தது. 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் ஆம்புலன்ஸைத் தாக்கியது. சக மருத்துவர் ஒருவரே இரவில் குழியை மூட நேர்ந்தது. அதே மாதம் 22-ஆம் தேதி, மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்குக் கடும் தண்டனை விதிக்கும் அவசரச் சட்டத்தை மத்திய அரசு கொண்டு வந்தது.

நோய் ஓய்ந்தாலும் மனம் உடனே ஓய்ந்துவிடாது. 2003-இல் கனடாவின் டொரோண்டோ நகரில் சார்ஸ் நோயாளிகளைக் கவனித்த மருத்துவமனைகளின் பணியாளர்களிடம், ஓராண்டுக்குப் பிறகும் கூடுதலான சோர்வும் மனவேதனையும் இருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். இத்தகைய பணிச்சோர்வுக்கு உலக சுகாதார நிறுவனம் மூன்று அடையாளங்களைச் சொல்கிறது: சக்தி வற்றிப்போதல், வேலையின் மீது வெறுப்பும் விலகலும், 'என்னால் எதுவும் ஆகவில்லை' என்ற எண்ணம்.

மார்க்கம் காட்டும் வழி

இந்தச் சோர்வைக் கண்டு 'ஈமான் பலவீனம்' என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்ல மார்க்கத்தில் ஆதாரமில்லை. நபி (ஸல்) அவர்களே தம் மகன் இப்ராஹீம் இறந்தபோது கண்ணீர் விட்டார்கள்.

அபுத்தர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்று குடும்பத்தைக் கவனியாமல் இருந்தார்கள். ஸல்மான் (ரலி) அவர்கள் அவரை உண்ண வைத்து, உறங்க வைத்து, இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிய உரிமைகளை அவரவர்க்குக் கொடுக்கும்படி அறிவுறுத்தினார்கள். ஸல்மான் சொன்னது உண்மையே என்று நபி (ஸல்) அவர்கள் உறுதிப்படுத்தினார்கள். இபாதத்துக்கே இந்த எல்லை என்றால், ஓய்வில்லாத டூட்டிக்கு எல்லை இல்லாமல் போகுமா?

பத்ருப் போரின்போது உஸ்மான் (ரலி) அவர்களின் மனைவியும் நபிகளாரின் மகளுமான ருகையா (ரலி) நோயுற்றிருந்தார்கள். அவரைக் கவனித்துக்கொள்ள உஸ்மான் மதீனாவில் தங்கினார்கள். பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நன்மையும் பங்கும் அவருக்கு உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். வீட்டு நோயாளிக்காக ஒருநாள் விடுப்பு எடுக்கும் செவிலியர், கடமையிலிருந்து ஓடியவராகிவிட மாட்டார்.

வீட்டார் செய்ய வேண்டியவை

பணி முடிந்து வந்தவருக்கு முதல் அரைமணி நேரத்தை விட்டுக்கொடுங்கள். குறைகளையும் கணக்குகளையும் பிறகு பேசலாம். களைத்து வந்த நேரத்தில் 'வேலையை விட்டுவிடு' என்று சொல்லாதீர்கள். அது ஆறுதலாகக் காதில் விழாது.

உலகில் சுகாதாரப் பணியாளர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பெண்கள். இரவுப் பணி முடித்த மருமகளே ரமலானில் சஹர் உணவும் சமைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநீதி. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். அடுப்படிக்குப் போவது ஆண்களுக்கு இழிவாகாது.

அறுவை சிகிச்சையின்போது தொழுகை நேரம் தவறுகிறதே என்ற குற்ற உணர்வு பலருக்கு உண்டு. நோன்பு பற்றியும் இப்படிக் கவலைப்படுகிறார்கள். இவற்றில் மத்ஹபுகளிடையே வேறுபாடு இருப்பதால், தம் நிலையை விவரமறிந்த ஆலிமிடம் சொல்லித் தெளிவு பெறட்டும். கேட்காமலே மனதுக்குள் வெந்துகொண்டிருக்க வேண்டாம்.

எப்போது உதவி தேவை?

தூக்கமின்மை, எரிச்சல், காரணமில்லாத அழுகை, யாரோடும் பேசாமை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 'இருந்து என்ன பயன்' என்பது போன்ற பேச்சு வந்தால் அன்றே அழைத்துச் செல்லுங்கள், தனியே விடாதீர்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். துஆவும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. மருத்துவம் செய்துகொள்ளும்படி ஏவியவர் நம் நபிதான்.

ஜமாஅத்துகளுக்கும் இதில் பங்குண்டு. அடுத்த பேரிடர் வரும்வரை காத்திராமல், மஹல்லாவில் உள்ள மருத்துவப் பணியாளர்களின் பட்டியலை இப்போதே எடுத்து வைக்கலாம். நெருக்கடி நேரத்தில் அவர்களின் முதிய பெற்றோருக்கு உணவு, பிள்ளைகளுக்குத் துணை, மருந்து வாங்கித் தர ஓர் இளைஞர் என ஏற்பாடு செய்தால், அவர்கள் நிம்மதியாக நோயாளியின் அருகில் நிற்பார்கள்.

பிறர் உயிர் காக்க உழைப்போரின் உடலுக்கும் உள்ளத்துக்கும் குடும்பத்துக்கும் அல்லாஹ் ஆஃபியத்தைத் தருவானாக! ஆமீன்.