சரஸ் (விமானம்)

பெங்களூருவின் தேசிய விண்வெளி ஆய்வகம் (என்.ஏ.எல்.) வடிவமைத்த, 14 பேர் அமரக்கூடிய இரட்டை எஞ்சின் டர்போபிராப் விமானம் சரஸ். ஏ.டி.ஆர். போன்ற டர்போபிராப் விமானங்களில் எஞ்சின்கள் இறக்கையில் இருக்கும். சுழலிகள் முன்னால் நின்று இழுக்கும். சரஸில் எஞ்சின்கள் வால் பக்கம் இருக்கின்றன. சுழலிகள் பின்னாலிருந்து தள்ளுகின்றன. இதனால் பயணியர் அறையில் இரைச்சல் குறையும் என்பது வடிவமைப்பாளர்களின் கணக்கு.

திட்டம் 1991இல் ரஷ்யாவின் மியாசிஷேவ் நிறுவனத்துடன் கூட்டாகத் தொடங்கியது. சோவியத் ஒன்றியம் சிதறியபின் பணமின்றி ரஷ்யர்கள் விலகிக்கொள்ள, என்.ஏ.எல். தனித்து நின்றது. அரசின் ஒப்புதல் 1999 செப்டம்பரில்தான் வந்தது. முதல் மாதிரி 2004 மே 29 அன்று பறந்தது.

பறந்ததே தவிர, எடை கூடிவிட்டது. வெற்று எடை ஏறத்தாழ 4,125 கிலோ இருக்கவேண்டும் என்பது திட்டம். மாதிரியோ 5,100 கிலோவைத் தாண்டியது. சிறு விமானத்தில் இது சின்ன விஷயமல்ல. கூடும் ஒவ்வொரு கிலோவும் பயணியிடமிருந்தோ எரிபொருளிலிருந்தோதான் கழியும். சரஸின் பின்னாளைய திருத்தங்களில் பெரும்பகுதி இந்த எடையோடு நடந்த மல்லுக்கட்டு என்றே சொல்லலாம். 2007 ஏப்ரலில் பறந்த இரண்டாம் மாதிரிக்கு 850 குதிரைத்திறன் எஞ்சினுக்குப் பதிலாக 1,200 குதிரைத்திறன் எஞ்சின் பொருத்தினார்கள்.

அந்த மாதிரிதான் 2009 மார்ச் 6 அன்று பெங்களூரு அருகே பிடதிப் பகுதியில் விழுந்தது. ஓர் எஞ்சினை வானில் அணைத்து மீண்டும் இயக்கிப் பார்க்கும் சோதனை அது. விமானப்படை அதிகாரிகள் மூவரும் உயிரிழந்தனர். வடிவமைப்பாளர் வகுத்துத் தந்த மறு இயக்க முறையே தவறானது. அதைச் செய்து பார்த்த உயரமும் போதாது என்றது விசாரணை. விமானியின் தலையில் மட்டும் பழியைப் போட்டு முடித்துவிடாத அறிக்கை அது.

திட்டம் முடங்கியது. கிடப்பில் கிடந்த முதல் மாதிரிக்கே 1,200 குதிரைத்திறன் எஞ்சின்களும் 104 அங்குலச் சுழலிகளும் பூட்டி, 2018 ஜனவரி 24 அன்று மீண்டும் பறக்கவிட்டனர். புறப்படும்போது ஓர் எஞ்சின் நின்றாலும் மற்றொன்றைக் கொண்டு விதிப்படி மேலேறவேண்டும். அதற்கே இந்த மாற்றம். அடுத்து 19 இருக்கைகள் கொண்ட மார்க் 2 வடிவம் கையிலெடுக்கப்பட்டது.

இதற்கிடையே, கான்பூரில் ஜெர்மானிய உரிமத்தின்கீழ் தயாராகும் டோர்னியர் 228, அலையன்ஸ் ஏர் சேவையில் 2022 ஏப்ரல் 12 அன்று திப்ரூகரிலிருந்து பாசிகாட்டுக்குப் பயணிகளை ஏற்றிச் சென்றது. அதிலும் இருக்கைகள் 19க்குள்தான்.