மச்சின் மேல் எழுந்த பாகச்சுவர்

சென்னை ஜார்ஜ் டவுன், புதுச்சேரி, செட்டிநாடு ஆகிய இடங்களின் பழைய மாடி வீடுகளில், 'மெட்ராஸ் டெரஸ்' என்றும் 'கட்டைக்குத்து' என்றும் வழங்கிய தளமே 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை பெருவழக்காக இருந்தது. ஏறத்தாழ ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் தேக்குக் கட்டைகளைச் சுவருக்குச் சுவர் பாவி, அவற்றின் மேல் ஓரங்குலப் பருமனுள்ள சிறு செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்து, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக அமர்ந்து நாட்கணக்கில் கட்டையால் தட்டி இறுக்குவார்கள். அந்த உழைப்பே பல தளங்களை நூறாண்டு காத்தது.

இத்தளம் ஆட்களையும் பண்டங்களையும் தாங்க அமைந்தது. சுவரைத் தாங்க அன்று. நாலரை அங்குலக் கனத்தில் 10 அடி உயரம் எழுப்பிய செங்கல் சுவர், பூச்சோடு சேர்த்து, ஓரடி நீளத்துக்கு 240 கிலோ அளவுக்கு நிறுக்கும். ஆட்கள் வந்து போவார்கள்; சுவரோ இரவும் பகலும் அழுத்திக்கொண்டே நிற்பதால் மரம் ஆண்டுக்காண்டு தொய்ந்து, கீழறையின் மேற்பூச்சில் கட்டையின் போக்கிலேயே வெடிப்பு ஓடும்.

கூட்டுக்குடும்பம் பிரிந்த காலத்தில்தான் இச்சிக்கல் கூர்மையடைந்தது. தெருவாசலும் கொல்லையும் இரு பங்காளிகளுக்கும் வேண்டியிருந்ததால், ஒடுங்கி நீண்ட வீட்டை நெடுக்காகப் பிளக்கவே பாகப்பத்திரம் கோடு கிழித்தது. கட்டைகள் பக்கச்சுவர்களுக்கு இடையே குறுக்காகக் கிடந்தமையால், அந்தக் கோடு ஒவ்வொரு கட்டையின் நட்டநடுவிலும், அதாவது அது மிகவும் வலுக்குன்றிய இடத்திலேயே விழுந்தது. அறையைக் குறுக்காகத் தடுத்தாலோ முழுப் பாரமும் ஒரே கட்டையின் மீதோ, இரு கட்டைகளுக்கு இடைப்பட்ட செங்கல் மீதோ இறங்கியது. இரண்டாவதே பெரிய ஆபத்து. வசதியாகப் பிரிக்க இயலாத சொத்தை விற்றுப் பணமாகப் பங்கிடலாம் என 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் இடமளித்தபோதும், பிறந்த வீட்டை விற்க எவருக்கும் எளிதில் மனம் வருவதில்லை.

கீழ்த்தளத்தில் அடித்தளம் தோண்டிச் சுவர் எழுப்பி, அதன் தலையிலேயே மாடிச்சுவரை ஏற்றுவதே பழுதற்ற வழி. கீழறையைப் பிளக்க இயலாதபோது, பலகைத் தடுப்போ மூங்கில் தட்டியோ போதுமென நிறுத்திக்கொண்டது அறிவுடைமை. செங்கல்தான் வேண்டுமென்றால், சுவரின் கோட்டில் இரும்பு கர்டர் ஒன்றைப் போட்டு, அதன் இரு முனைகளையும் கனத்த சுவர்களில் கருங்கல் பதித்து அமர்த்தி, கர்டரே பாரம் முழுவதையும் ஏற்கும்படி செய்தாக வேண்டும். இதற்காகச் சுவரை உடைக்கும்போது கட்டைகளின் முனைகளையும் திறந்து பார்ப்பது இன்றியமையாதது. நடுவில் இரும்புபோல் உறுதியாக ஒலிக்கும் தேக்கு, சுவருக்குள் புதைந்த அரையடியில் ஈரமேறி உளுத்திருக்கக்கூடும்.