தேரூர்க் குளமும் மணக்குடிப் பொழியும்

சென்ற தை மாதத்தில் ஒருநாள் வைகறைப் பொழுதிலே தேரூர்க் குளக்கரையில் நின்றுகொண்டிருந்தேன். 1876-ஆம் ஆண்டில் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்த ஊர் அது. பனி விலக விலக, தாமரை இலைகளினூடே நீலத்தாழைக்கோழிகள் உலவுவது தெரிந்தது. அப்பால், இமயத்துக்கும் வடக்கேயிருந்து வரும் ஊசிவால் வாத்துகள் கூட்டமாக மிதந்தன.

இக்குளத்தை இயற்கை அளித்த கொடை என்று புகழ்வோரைக் கண்டிருக்கிறேன். அது பாதி உண்மையே. நாஞ்சில் நாட்டில் ஏரி என்று சொல்வாரில்லை. குளம் என்றே சொல்வர். குளம் என்றாலே மனிதன் குளித்ததும் குடித்ததும் வயலுக்குப் பாய்ச்சியதும் நினைவுக்கு வரும். கரை கட்டி, மடை வைத்து, ஒரு குளத்தின் மறுகால் நீர் அடுத்த குளத்தை நிரப்பும்படி நம் முன்னோர் இந்நாட்டைத் தொடுத்து வைத்தார்கள். 1906-இல் கட்டி முடிந்த பேச்சிப்பாறை அணையின் நீரும் பிற்காலத்தில் இத்தொடரோடு சேர்ந்துகொண்டது. பறவைகள் வந்து தங்கியது, கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்குமாகத் தேக்கிய தண்ணீரில்தான்.

தேரூரிலிருந்து சுசீந்திரம் வந்து, தாணுமாலயன் கோயிலைத் தொழுது, பழையாற்றின் போக்கிலேயே தெற்கே சென்றேன். நெல்வயல் தென்னந்தோப்பாகி, தோப்பு உப்பளமாகி, முடிவில் மணக்குடியிலே ஆறு கடலைக் காண்கிறது. காண்கிறது என்றேனே தவிர, எல்லா நாளும் கலப்பதில்லை. கோடையில் அலைகள் மணலைக் கொணர்ந்து குவித்து ஆற்றுவாயை அடைத்துவிடுகின்றன. மழைக்காலத்து வெள்ளம் அம்மணற்றிட்டை உடைத்துக்கொண்டு போகிறது. இவ்வாயிலைப் 'பொழி' என்பர் இப்பக்கத்தார். உப்புநீரும் நன்னீரும் மாறி மாறி ஆள்வதனால் மீன்குஞ்சுகளுக்கு இது தொட்டிலாயிற்று. பூநாரைகளும் கூழைக்கடாக்களும் இரை தேடி வருகின்றன.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் காலையில் எழுந்த ஆழிப்பேரலை கீழமணக்குடியையும் மேலமணக்குடியையும் இணைத்த கான்கிரீட் பாலத்தைப் பெயர்த்தெறிந்தது. உயிரிழந்தோர் வீடுகள் இரு கரையிலும் உண்டு. அதன்பின் வந்த ஆண்டுகளில் வனத்துறையினர் கழிமுகத்துச் சேற்றிலே அலையாத்தி மரங்களை நட்டு வளர்த்தனர். சுரபுன்னையின் விழுதுகள் சேற்றில் ஊன்றி நிற்பதைப் படகிலிருந்து பார்த்தேன். கடற்புறத்து மணலிலோ காவல் வேறு. அடும்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் காற்று கொணரும் மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. பிடித்த மணலே மேடாகிறது. இக்கொடிகளைக் களை என்று எண்ணிப் பிடுங்குவோர் இன்றும் உண்டு.

சுசீந்திரம், தேரூர், மணக்குடி மூன்றையும் சேர்த்து 2015-இல் அரசு காப்பகமாக அறிவித்தது. சரணாலயம் வேறு, இது வேறு. அரசுக்குரிய நிலத்தில், அக்கம்பக்கத்து மக்களைக் கலந்து அமைப்பது இது. 2022-இல் சுசீந்திரம், தேரூர் நீர்நிலைகள் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றன. 1971-இல் ஈரான் நாட்டு ராம்சர் நகரில் பல நாடுகள் கூடிச் செய்த உடன்படிக்கையால் வந்த பெருமை அது.

பெருமைதான்; ஆயினும் என் மனத்தில் ஓர் ஐயம் எழுந்தது. காப்பக எல்லைக்குள் குளம் இருக்கிறது. அக்குளத்துக்கு நீர் கொணரும் கால்வாயும், அந்நீரைக் கேட்கும் வயலும் பெரும்பாலும் எல்லைக்கு வெளியே இருக்கின்றன. நாஞ்சில் நாட்டு நெல்வயல்கள் வீட்டுமனைகளாகவும் வாழைத் தோட்டங்களாகவும் மாறிவருவதை யாவரும் அறிவர். உழவன் நீர் கேட்காத நாளில், கால்வாயைத் தூர்வார வருபவன் எவன்? பறவைக்காக மட்டும் மடை திறக்கும் வழக்கம் இந்நாட்டில் இருந்ததில்லை.

மாலையில் தேரூர் வழியே திரும்பினேன். குளத்தின் கீழே, எல்லைக்கல் நட்ட சில வயல்கள் கண்ணில் பட்டன. இவ்வாண்டு அவற்றில் கும்பப்பூ நடவில்லை. அவற்றுக்கு நீர் பாயும் வாமடை மட்டும் இன்னும் அடைபடாமல் இருந்தது. ஒற்றைக் கொக்கு அதன் வாயிலே நின்றிருந்தது.