உப்புக்காற்றும் நிக்கலும்: வடசென்னைத் தொழிற்கரையின் உலோக வரலாறு

சென்னைக் கரையின் பழைய கலங்களில் இரும்புக்கு இடம் இருக்கவில்லை. கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்ற கப்பல்களிலிருந்து ஆட்களையும் சரக்கையும் கரைசேர்த்த மசூலா படகுகள் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்யப்பட்டவை. கட்டுமரங்களும் கயிற்றால் பிணைக்கப்பட்டவையே. அலையின் அடிக்கு வளைந்துகொடுக்க வேண்டும் என்பதே இந்த ஆணியற்ற கட்டுமானத்தின் முதற்காரணம் என்றாலும், துருப்பிடிக்க அவற்றில் எதுவும் இல்லை என்பதும் அதன் பயன்களில் ஒன்றாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்நிலை மாறியது. 1856-ல் இராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது. 1861-ல் கடலுக்குள் இரும்புக் கால்களை ஊன்றி ஒரு நீண்ட இறங்குமேடை எழுப்பப்பட்டது. 1868, 1872ஆம் ஆண்டுப் புயல்கள் அந்த மேடையைச் சிதைத்த பிறகு, அலைதடுப்புச் சுவர்களால் அணைத்த துறைமுகம் ஒன்றைக் கட்டும் பணி அடுத்த சில ஆண்டுகளில் தொடங்கியது. தண்டவாளமும் தூணும் பாய்லரும் இந்தக் கரைக்கு வந்தன. அன்றுமுதல் உப்போடு உலோகம் நடத்தும் போராட்டமும் தொடங்கியது.

இப்போராட்டத்தின் வேதியியலை முதலில் விளக்க வேண்டும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. அதில் 19 கிராம் குளோரைடு அயனி. இரும்பு ஈரத்தையும் ஆக்சிஜனையும் சந்திக்கும் இடத்தில் துரு உருவாகிறது. அத்துரு பொருக்காக உதிர்வதால் அடியிலுள்ள உலோகத்தைக் காப்பதில்லை. குரோமியம் சுமார் 10.5 விழுக்காட்டுக்கு மேல் கலந்த எஃகிலோ, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று மேற்பரப்பில் ஒட்டிநின்று காவல் புரிகிறது. வீட்டுப் பாத்திரங்களில் எவர்சில்வர் என்று அறியப்படுவது இந்த வகை எஃகே. குளோரைடு இந்தப் படலத்தை எல்லா இடத்திலும் சமமாகத் தாக்காமல், ஒரு புள்ளியில் உடைத்து உள்ளே ஆழத் தோண்டும்போது அது குழி அரிமானம் எனப்படுகிறது. கேஸ்கெட்டின் அடியிலோ போல்ட்டின் அடியிலோ தேங்கிய நீர் அதே வேலையைச் செய்தால் அது இடுக்கு அரிமானம். குளோரைடும் வெப்பமும் இழுவிசையும் ஒன்றுசேரும் இடத்தில் சாதாரண எவர்சில்வர் எஃகு முன்னறிவிப்பின்றி வெடித்துக்கொள்வது தகைவு அரிமான விரிசல். சுற்றுவட்டாரம் முழுதும் உப்புக்காற்று வீசும் எண்ணூர், திருவொற்றியூர் கரையில் இம்மூன்றும் நடக்க ஏற்ற சூழல் ஆண்டு முழுதும் நிலவுகிறது.

நிக்கல் இப்பகுதித் தொழில்களுக்குள் முதலில் தாமிரத்தின் துணையாகவே நுழைந்தது என்று கொள்வது பொருந்தும். நீராவியைக் கடல்நீரால் குளிர்வித்து மீண்டும் நீராக்கும் கலமான கண்டன்சரில் ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்கள் இருக்கும். நூறில் எழுபது பங்கு தாமிரமும் ஒரு பங்கு வெள்ளீயமும் மீதம் துத்தநாகமுமாகிய அட்மிரால்டி பித்தளை கப்பல்களிலும் மின்நிலையங்களிலும் இக்குழாய்களுக்குப் பயன்பட்டது. வேகமாக ஓடும் மணல்கலந்த நீர் பித்தளையின் காப்புப்படலத்தைத் தேய்த்துவிடுகிறது என்று கண்டபோது, 10 அல்லது 30 விழுக்காடு நிக்கல் கலந்த தாமிரமான கியூப்ரோநிக்கல் அந்த இடத்தைப் பிடித்தது. 1970-ல் மின் உற்பத்தியைத் தொடங்கி 2017-ல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையத்தின் காலம், உலகெங்கும் கண்டன்சர் குழாய்கள் பித்தளையிலிருந்து கியூப்ரோநிக்கலுக்கும் பின்னர் டைட்டானியத்துக்கும் நகர்ந்த காலமாகும்.

நிக்கலே முதன்மையான கலப்புலோகங்களின் தேவை மணலியில் எழுந்தது. இந்திய அரசும் அமெரிக்காவின் அமோகோவும் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் சேர்ந்து 1965-ல் உருவாக்கிய மெட்ராஸ் ரிஃபைனரீஸ், ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறனுடன் 1969-ல் இயங்கத் தொடங்கியது. கச்சா எண்ணெயோடு நிலத்தடி உப்புநீரும் சிறிது வருகிறது. அதிலுள்ள மெக்னீசியம், கால்சியம் குளோரைடுகள் உலையின் வெப்பத்தில் சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாகின்றன. அவ்வாயு வடிகோபுரத்தின் உச்சியில் நீர்த்துளிகளில் கரைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிறது. கோபுரத்தின் அடிப்பகுதியில் தாக்குப்பிடிக்கும் எஃகு உச்சிப்பகுதியில் சில ஆண்டுகளிலேயே அரிக்கப்படுவது இதனால்தான். சுத்திகரிப்பு ஆலைகளின் பழைய மரபு, அவ்விடத்தில் எஃகின் உட்புறத்தில் மோனல் தகடு பதிப்பதாகும். கனடாவின் சட்பரி சுரங்கத் தாதுவில் நிக்கலும் தாமிரமும் இயல்பாகவே சேர்ந்திருக்கும் விகிதத்தைப் பின்பற்றி, ராபர்ட் ஸ்டான்லி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய இக்கலப்புலோகம், அவர் பணியாற்றிய நிறுவனத்தின் தலைவர் அம்புரோஸ் மோனெலின் பெயரைப் பெற்றது. அதில் மூன்றில் இரண்டு பங்கு நிக்கல், பெரும்பாலும் மீதம் தாமிரம்.

மோனலை அதைவிட விலையுயர்ந்த கலப்புலோகங்களோடு ஒப்பிடும்போதுதான் இத்துறையின் நுட்பம் தெரிகிறது. இவற்றுள் எதுவும் எல்லா அமிலத்துக்கும் நல்லதன்று. மணலியில் 1984-ல் உருவான தமிழ்நாடு பெட்ரோ புராடக்ட்ஸ் தயாரிக்கும் லீனியர் ஆல்கைல் பென்சீன், சலவைத்தூளின் மூலப்பொருள். ஹைட்ரோபுளோரிக் அமிலத்தை வினையூக்கியாகக் கொள்வது அதைத் தயாரிக்கும் நெடுங்கால முறை. கண்ணாடியைக் கரைக்கும் அந்த அமிலத்தை மோனல் தாங்குகிறது. ஆனால் ஆக்சிஜன் கலந்த அமில ஆவி பட்டால் அதே மோனல் விரிசல் காண்கிறது. காஸ்டிக் சோடாவைக் காய்ச்சிச் செறிவூட்டும் கலங்களுக்கு ஏறத்தாழத் தூய நிக்கலே உகந்தது. ஈரக் குளோரினுக்கு டைட்டானியம் சிறப்பாக நிற்கிறது. நீரற்ற உலர் குளோரினில் அதே டைட்டானியம் தீப்பற்றிக்கொள்ளக்கூடும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்காக நிக்கலோடு மாலிப்டினம் மிகுதியாகச் சேர்த்து உருவான ஹேஸ்டெல்லாய் பி, அமிலத்தில் ஃபெரிக் அயனி சிறிது கலந்தாலும் தோற்றுப்போகும். குரோமியமும் மாலிப்டினமும் ஒருங்கே சேர்ந்த ஹேஸ்டெல்லாய் சி இக்குறையைத் தீர்த்தாலும், வெல்டிங் செய்த இடத்தில் கார்பைடுகள் பிரிந்து பலவீனம் தந்தன. கரிமத்தையும் சிலிக்கனையும் மிகக் குறைத்து 1960-களில் வந்த சி-276, வெல்டிங்குக்குப் பின் வெப்பப் பதப்படுத்தும் தேவையை நீக்கியது. ஆலை இடத்திலேயே குழாய்களை ஒட்டவைக்க வேண்டிய நிலையில் இந்த ஒரு மாற்றம் எத்தனை பெரிய உதவி என்பது பட்டறையில் பணியாற்றியவர்களுக்கு விளங்கும். ஏறத்தாழ அதே காலத்தில் தோன்றிய இன்கோனல் 625, நியோபியம் சேர்ந்ததால் மிகுந்த வலிமையோடு வெப்பத்தையும் கடல்நீரையும் சேர்த்துத் தாங்குகிறது.

ஒப்பீட்டுக்குப் பொறியாளர்கள் குழி அரிமான எதிர்ப்பு எண் என்னும் அளவுகோலைக் கையாள்கின்றனர்: குரோமிய விழுக்காட்டோடு மாலிப்டினத்தின் 3.3 மடங்கையும் நைட்ரஜனின் 16 மடங்கையும் கூட்டினால் அந்த எண் கிடைக்கும். 316 என்னும் எவர்சில்வர் எஃகு வகைக்கு இது ஏறத்தாழ 24. கடல்நீருக்கு 40-க்கு மேல் தேவை என்பது பொது விதி. 625 அந்த எல்லையை எளிதில் கடக்கிறது, சி-276 அதனினும் மேலே நிற்கிறது. ஆயினும் எண் உயர்ந்ததே சிறந்தது என்று முடிவு கட்டுவது பிழை என்பதற்கு இப்பகுதியே சான்று தருகிறது. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010-ல் திறக்கப்பட்ட, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனுடன் அமைக்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை போன்ற நிலையங்களுக்கு உயரழுத்தக் கடல்நீர்க் குழாய்கள் தேவை. இத்தகைய குழாய்களுக்கு உலகெங்கும் சூப்பர் டூப்ளெக்ஸ் எஃகு பரவலாகியுள்ளது. அதில் நிக்கல் 7 விழுக்காடு மட்டுமே. குரோமியமும் மாலிப்டினமும் நைட்ரஜனும் சேர்ந்து அதன் எண்ணை 40-க்கு மேலே உயர்த்துகின்றன. வெப்பம் குறைந்த தூய கடல்நீருக்கு அதுவே போதும். சூடான அமிலத்துக்கு அது போதாது.

இந்தியாவில் நிக்கல் தாது அரிது. ஒடிசாவின் சுகிந்தா குரோமியச் சுரங்கங்களின் மேல்மண்ணில் உள்ளது மட்டுமே குறிப்பிடத்தக்கது. ஹைதராபாத்தில் 1973-ல் தொடங்கப்பட்ட மிதானி நிறுவனம் சூப்பர்னி என்ற பெயரில் இத்தகைய கலப்புலோகங்களை வார்த்தாலும், அவற்றுக்கான நிக்கல் பெரும்பாலும் இறக்குமதியே. எனவே விலை மிகுதி, அதனால் சிக்கனம் என்ற பெயரில் மலிவான எஃகையே இடும் போக்கும் மிகுதி. அச்சிக்கனத்தின் செலவை ஆலையின் கணக்குப் புத்தகம் முழுதாகக் காட்டுவதில்லை. வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் கசிந்து கொசஸ்தலையாற்றில் சாம்பல் படிந்ததும், அதுபற்றிய வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குச் சென்றதும் பொது ஆவணம். சாம்பல் குழம்பை ஏந்தும் குழாயைத் தேய்ப்பது குளோரைடு மட்டுமன்று, சாம்பலின் சொரசொரப்பும்தான். அதற்கு விலையுயர்ந்த நிக்கல் தேவையில்லை, தேய்மானம் தாங்கும் உள்ளுறையும் உரிய காலத்தில் குழாயை மாற்றும் ஒழுங்குமே போதும். எந்த இடத்துக்கு எந்த உலோகம் என்று கேட்பதோடு, குழாய் கசிந்தால் பாதிப்பு யார் தலையில் விழும் என்பதையும் கொள்முதல் கணக்கில் சேர்க்க வேண்டும். எண்ணூர் கழிமுகத்தில் வலைவீசி வாழும் மீனவர்களின் இழப்பு அக்கணக்கில் இன்றுவரை முறையாக இடம்பெறவில்லை.