அரிசிக் காசும் டப்பாக் காசும்

அப்பா மாயவரத்தில் ஒரு காபி கிளப்பில் சப்ளையராக இருந்தார். இரவு பத்தரை மணிக்கு சைக்கிளை ரேழியில் சாத்தியதும் முதல் வேலையாகச் சட்டைப் பையைக் கவிழ்ப்பார். நாலணா, எட்டணா, அபூர்வமாக ஒரு ரூபாய். பில் தட்டில் சோம்போடு கிடந்து வந்த காசுகள் என்பதால் எல்லாவற்றிலும் சோம்பு வாசம் அடிக்கும். அவற்றை எண்ணிப் பார்க்காமலே ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போடுவார். எங்கள் நோட்டுப் புத்தகம், அம்மாவுக்குக் கனகாம்பரம், பொங்கலுக்கு ரிப்பன் எல்லாம் அந்த டப்பாவிலிருந்துதான் வந்தன. சம்பளம் வேறு. அது மாதம் பிறந்ததும் அம்மா கைக்குப் போய் அரிசியாகவும் வாடகையாகவும் மாறும். டப்பா காலியாகக் கிடந்த மாதங்கள் உண்டு. அந்த மாதங்களிலும் எங்கள் வீட்டில் உலை கொதித்தது.

அக்கா ஸ்பான்சர் செய்து, பல வருடம் காத்திருந்து, 2006-ல் நான் ஹூஸ்டனில் வந்து இறங்கினேன். கையில் இருந்த டிப்ளமாவை அங்கே யாரும் மதிக்கவில்லை. ஹில்கிராஃப்ட் சாலையில் ஓர் இந்திய உணவகத்தில் சர்வர் வேலை கிடைத்தது. அப்பா செய்த வேலைதானே, கைக்கு வரும் என்று நம்பிப் போனேன். முதல் இரண்டு வாரம் முடிந்து முதலாளி கொடுத்த உறையைப் பிரித்தால், உள்ளே இருந்த சீட்டில் ஒரு மணி நேரத்துக்கு 2 டாலர் 13 சென்ட் என்று அடித்திருந்தது. ஒரு நாள் முழுக்க எட்டு மணி நேரம் நின்றாலும் 17 டாலர் 4 சென்ட். அதிலும் நான் வாங்கிய டிப்ஸுக்கான வரியைச் சேர்த்துப் பிடித்திருந்தார்கள். கடைசி வரியில் கைக்கு வரும் தொகை 0.00 என்று இருந்தது. ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று எண்ணி, பக்கத்தில் நாப்கினைச் சுற்றிக்கொண்டிருந்த அம்மாளிடம் சீட்டை நீட்டினேன்.

அவர் கறுப்பினத்தவர். அறுபதை நெருங்கியவர், முப்பது வருடமாக ஹூஸ்டன் உணவகங்களில் தட்டுத் தூக்கியவர். சீட்டை ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “இதில் தப்பு ஒன்றும் இல்லை. இங்கே சர்வருக்குச் சம்பளம் கொடுப்பது சாப்பிட வருகிறவர்கள்தான்” என்றார். பிறகு, “என் தாத்தாவுக்கும் இப்படித்தான்” என்று சேர்த்துக்கொண்டார். அவருடைய தாத்தா ரயிலில் வேலை பார்த்தவர். நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஹூஸ்டன் வழியாக லாஸ் ஏஞ்சலஸ் போகும் சன்செட் லிமிடெட்டில், புல்மன் படுக்கைப் பெட்டியின் போர்ட்டர்.

என் சீட்டில் இருந்த 2.13 எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தது அந்த நாப்கின் மேசையில்தான்.

டிப்ஸ் அமெரிக்காவில் பிறந்த வழக்கம் இல்லை. இங்கிலாந்துப் பிரபுக்களின் மாளிகைகளில் விருந்தாளிகள் கிளம்பும்போது வேலைக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள், அவர்கள் கையில் காசு வைத்துவிட்டுத்தான் வாசலைத் தாண்ட முடியும். ஐரோப்பா சுற்றிவிட்டு வந்த அமெரிக்கப் பணக்காரர்கள் உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் இந்தப் பழக்கத்தைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். அதுவரைக்கும் அது எங்கள் சோம்புத் தட்டுக் காசு மாதிரிதான், சம்பளத்துக்கு மேலே விழுவது. அதைச் சம்பளத்தின் இடத்தில் உட்கார வைத்தது அமெரிக்கா. உட்கார வைக்கத் தோதாக ஒரு கூட்டமும் அப்போது கிடைத்தது.

1865-ல் அடிமை முறை ஒழிந்தது. லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் நிலமும் கையிருப்பும் இல்லாமல் வேலை தேடி வெளியே வந்தார்கள். இரண்டே வருடத்தில், 1867-ல், ஜார்ஜ் புல்மன் சிகாகோவில் தன் படுக்கைப் பெட்டி நிறுவனத்தைத் தொடங்கினார். வெல்வெட் இருக்கை, சலவை விரிப்பு, கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர ஓர் ஆள். அந்த ஆளாக அவர் தேடி எடுத்தது அடிமையாக இருந்து விடுதலையானவர்களை. பணிவிடை செய்து பழகியவர்கள், குறைந்த கூலிக்கும் வருவார்கள் என்பது கணக்கு. சம்பளம் கொஞ்சம், மிச்சத்தைப் பயணிகள் பார்த்துக்கொள்வார்கள் என்பது ஏற்பாடு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கறுப்பினத்தவரை மிக அதிகமாக வேலைக்கு வைத்திருந்த நிறுவனங்களில் புல்மனும் ஒன்று. டிப்ஸை நம்பிப் பிழைக்கும் வேலை நாட்டின் எல்லா மூலைக்கும் அந்தப் பெட்டிகளில் ஏறிப் போனது.

அந்த அம்மாளின் வீட்டில் தாத்தாவின் சிறு துடைப்பம் ஒன்று இருக்கிறது. ஒருநாள் மதியம் கொண்டுவந்து காட்டினார். கைப்பிடியில் தோல் சுற்றியது, சாண் நீளம்கூட இராது. புல் தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இறங்கவேண்டிய ஊர் வரும்போது போர்ட்டர் பயணியின் கோட்டில் படிந்த கரித்தூளை அதனால் தட்டிவிட வேண்டும். கழுத்துப் பட்டை, தோள், முதுகு என்று வரிசையாகத் தட்டி, கடைசியில் தொப்பியை எடுத்துக் கொடுக்க வேண்டும். காசு விழுவதானால் அந்த ஒரு நிமிடத்தில் விழ வேண்டும். ராத்திரி முழுக்கப் படுக்கை விரித்தது, மணி அடிக்கும்போதெல்லாம் ஓடியது, எல்லாரும் தூங்கிய பிறகு அவர்களுடைய ஷூக்களுக்குப் பாலிஷ் போட்டது அத்தனைக்கும் அந்த நிமிடத்தில்தான் விலை. பாலிஷைக்கூடப் போர்ட்டர்தான் தன் காசில் வாங்க வேண்டும்.

“தாத்தாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவர் ஜார்ஜ்தான்” என்றார். முதலாளி ஜார்ஜ் புல்மன், ஆகவே அவருடைய போர்ட்டர்கள் அத்தனை பேரும் ஜார்ஜ். அடிமைகளை எஜமானர் பெயரால் அழைத்த வழக்கத்தின் மிச்சம் அது. 1926-ல், பெட்டியில் அன்றைக்கு வேலை பார்க்கும் போர்ட்டரின் பெயரை ஓர் அட்டையில் எழுதி மாட்ட நிறுவனம் ஏற்பாடு செய்தது. அப்போது கணக்கெடுத்தபோது சுமார் 12,000 போர்ட்டர்களிலும் பரிசாரகர்களிலும் உண்மையிலேயே ஜார்ஜ் என்று பெயர் உள்ளவர்கள் 362 பேர்தான்.

1915-ல் தொழில் உறவுகளுக்கான அரசு ஆணையம் இந்தக் கூலியை விசாரித்தது. போர்ட்டரின் மாதச் சம்பளம் 27 டாலர் 50 சென்ட் என்பது அங்கே வெளிவந்தது. நிறுவனத்தின் தரப்பில் சாட்சி சொல்ல வந்தவர்களில் ஒருவர் ராபர்ட் டாட் லிங்கன். புல்மன் நிறுவனத்தின் முன்னாள் தலைவர், அடிமை முறையை ஒழித்த ஆபிரகாம் லிங்கனின் மகன். அப்பன் அவிழ்த்துவிட்டவர்களின் பிள்ளைகள் மகனின் ரயிலில் கோட்டுத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்கள். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

டிப்ஸை எதிர்த்தவர்களும் அந்தக் காலத்தில் இருந்தார்கள். வாஷிங்டன் மாநிலம் 1909-ல் டிப்ஸுக்குத் தடைச் சட்டமே போட்டது. மிஸிஸிப்பி, ஆர்கன்ஸா, அயோவா என்று வேறு சில மாநிலங்களும் பின்னால் வந்தன. ‘அரிக்கும் உள்ளங்கை’ என்று பொருள்படும் தலைப்பில் வில்லியம் ஸ்காட் என்பவர் 1916-ல் ஒரு புத்தகம் எழுதி, குடியரசு நாட்டுக்கு இது அடுக்காத பழக்கம் என்று வாதாடினார். ஆனால் அந்தச் சட்டங்கள் கொடுப்பதைத்தான் தடுத்தன, கூலியை உயர்த்தச் சொல்லவில்லை. 1926-க்குள் எல்லாத் தடைகளும் இல்லாமல் போய்விட்டன.

கூலியைக் கேட்டவர்கள் போர்ட்டர்கள்தான். 1925 ஆகஸ்ட் 25 அன்று நியூயார்க்கின் ஹார்லெமில் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் படுக்கைப் பெட்டிப் போர்ட்டர்களின் சங்கம் தொடங்கியது. ராண்டால்ஃப் போர்ட்டர் இல்லை, பத்திரிகை நடத்தியவர். ஆகவே அவரை வேலையை விட்டு நிறுத்தி மிரட்ட புல்மனால் முடியவில்லை. அந்தச் சமயத்தில் மாதச் சம்பளம் 67 டாலர் 50 சென்ட், அதற்கு 400 மணி நேரம் உழைக்க வேண்டும். பன்னிரண்டு வருடம் இழுபறி. சங்கத்தில் சேர்ந்தவர்களில் பலர் வேலை இழந்தார்கள். 1937-ல், அதே ஆகஸ்ட் 25-ல், நிறுவனம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. வேலை நேரம் மாதம் 240 மணியாகக் குறைந்தது, சம்பளம் உயர்ந்தது. “டிப்ஸ் வராவிட்டால் என்ன செய்வது என்ற பயம் தாத்தாவுக்கு அன்றைக்குத்தான் விட்டது” என்று அந்த அம்மாள் சொன்னபோது எனக்கு பிஸ்கட் டப்பா ஞாபகம் வந்தது.

அடுத்த வருடமே, 1938-ல், அமெரிக்காவின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் வந்தது. ஒரு மணி நேரத்துக்கு 25 சென்ட். உணவகத்திலும் ஹோட்டலிலும் உழைப்பவர்கள் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. வயல் வேலைக்காரர்களும் வீட்டு வேலைக்காரர்களும் வரவில்லை. கறுப்பினத்தவரும் பெண்களும் நிறைந்திருந்த வேலைகள் இவை. இருபத்தைந்து வருடம் கழித்து, 1963 ஆகஸ்ட் 28 அன்று, தலைநகர் வாஷிங்டனில் மாபெரும் பேரணி நடந்தது. மார்ட்டின் லூதர் கிங்கின் பேச்சால் உலகம் அதை நினைவில் வைத்திருக்கிறது. பேரணியின் தலைவர் அதே ராண்டால்ஃப். அன்றைய கோரிக்கைகளில் இரண்டை நான் வெகுநாள் கழித்துத்தான் வாசித்தேன். விடுபட்ட எல்லா வேலைகளையும் ஊதியச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பது ஒன்று. மணிக்கு 2 டாலருக்குக் குறைந்த கூலியில் மனிதர் கௌரவமாக வாழ முடியாது என்பது இன்னொன்று.

1966-ல் சட்டம் திருத்தப்பட்டு உணவகத் தொழிலாளர்கள் உள்ளே வந்தார்கள், ஆனால் கொல்லைப்புற வழியாக. குறைந்தபட்ச ஊதியத்தில் பாதிவரை டிப்ஸிலேயே கழித்துக்கொள்ளலாம் என்று முதலாளிக்குச் சலுகை எழுதப்பட்டது. விருந்தாளி எனக்கு வைத்துவிட்டுப் போகும் காசு, முதலாளி எனக்குத் தரவேண்டிய கூலியில் வரவாகிவிட்டது. 1991-ல் குறைந்தபட்ச ஊதியம் 4.25 டாலர் ஆனது. அதில் பாதி ஏறக்குறைய 2.13. ஐந்து வருடம் கழித்து, 1996-ல், பொது ஊதியத்தை உயர்த்தியபோது சர்வர்களின் தொகையை மட்டும் அந்த இடத்திலேயே உறைய வைத்தார்கள். பொது ஊதியம் 2009-ல் 7.25-ஐத் தொட்டது. டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் சர்வரின் கூலி இன்றும் 2.13 தான். 1963-ல் குறைந்தபட்சம் வேண்டும் என்று தெருவில் நின்று கேட்ட இரண்டு டாலரோடு பதின்மூன்று சென்ட் சேர்த்து 2006-ல் என் கையில் கொடுத்தார்கள்.

டிப்ஸும் கூலியும் சேர்ந்து பொது ஊதியத்துக்குக் குறைந்தால் மிச்சத்தை முதலாளி போட்டுத் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 2008 செப்டம்பரில் ஐக் புயல் கால்வெஸ்டனில் கரையேறி ஹூஸ்டனை இருட்டாக்கியது. கரண்ட் வந்ததும் கடையைத் திறந்தோம், சாப்பிட ஆள் இல்லை. அந்த வாரம் 30 மணி நேரம் நின்றேன். கூலி 63 டாலர் 90 சென்ட், டிப்ஸ் 70 டாலர். அப்போதைய பொது ஊதியம் 6.55, ஆக எனக்கு வரவேண்டியது 196 டாலர் 50 சென்ட். 62 டாலர் 60 சென்ட் குறைந்தது. பேப்பரில் கணக்கெழுதிக் கல்லாவுக்குப் போனேன். முதலாளி கெட்டவர் இல்லை. “புயல் எனக்கும்தானேம்மா அடிச்சது? எல்லாரும் டிப்ஸ் சரியா வந்ததுன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க, நீயும் எழுதிடு” என்றார். வாடகை நாள் பக்கத்தில் இருந்தது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கையெழுத்து இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை. கலிஃபோர்னியா, ஆரெகன், வாஷிங்டன், நெவாடா, மொன்டானா, மினசோட்டா, அலாஸ்கா ஆகிய ஏழு மாநிலங்களில் சர்வருக்கும் முழு ஊதியம் உண்டு, டிப்ஸ் அதற்கு மேலே. அங்கேயும் உணவகங்கள் நடக்கின்றன, மக்கள் டிப்ஸ் வைக்கிறார்கள். மற்ற மாநிலங்களிலும் இது வர வேண்டும் என்று போராடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2001-ல் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரம் விழுந்தபோது உச்சித் தளங்களில் இருந்த உணவகத்தின் ஊழியர்களில் எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உயிர் தப்பியவர்கள் அடுத்த வருடம் அங்கே உணவகத் தொழிலாளர்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதை அவர்களோடு சேர்ந்து கட்டியவர், இந்தியாவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகள் சாரு ஜெயராமன். எல்லாருக்கும் ஒரே நியாயக் கூலி வேண்டும் என்று இன்றுவரை போராடுகிறார். ஜெயராமன் என்ற நம்ம ஊர்ப் பெயரை அந்தப் போராட்டத்தில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட தைரியத்தைச் சொல்லி முடியாது.

நான் அந்த வேலையை விட்டு வெகுநாள் ஆகிறது. இப்போது பள்ளிச் சமையலறையில் மாதச் சம்பளம். ஊரிலிருந்து வருகிறவர்களை ஹோட்டலுக்கு அழைத்துப் போனால், “பில்லில் ஐந்தில் ஒரு பங்கா? எதற்கு இவ்வளவு?” என்று கேட்பார்கள். இது நமக்குப் பரிமாறிய பெண்ணின் அரிசிக் காசு, வைக்காமல் எழுந்திருக்கக் கூடாது என்பேன். பில்லின் மேலே சர்வரின் பெயர் அடித்திருக்கும். அதைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முடிந்தவரை ரொக்கமாகக் கையில் கொடுக்கிறேன்.

கொடுத்துவிட்டு வரும்போதெல்லாம் ஒன்றைத்தான் வேண்டிக்கொள்கிறேன். நான் கொடுக்கும் காசு ஒருநாள் அவள் வீட்டு டப்பாவில் விழ வேண்டும். அவள் பிள்ளைக்கு ரிப்பன் வாங்க ஆக வேண்டும். அரிசிக்கு முதலாளி கொடுக்கட்டும்.